பென் மக்டூய் ஒரு நாள் நடை: கேர்ன்கோர்ம் பீடபூமியில் ஏறி, சுற்றி, பத்திரமாக இறங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் ஏவிமோர் ஊருக்குத் தென்கிழக்கே, கேர்ன் கோர்ம் மலைச்சரிவில் இருக்கும் கோரி காஸ் கார் நிறுத்தம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 630 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிட்டனின் இரண்டாவது உயரமான மலையான பென் மக்டூய் 1309 மீட்டர். அதாவது உயரத்தில் பாதியைக் கார் ஏறிவிடுகிறது. சுற்றுப்பாதை 17 கிலோமீட்டரை ஒட்டி வரும். நடுவில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் மொத்த ஏற்றம் 900 முதல் 1000 மீட்டர். நல்ல உடல்நிலை உள்ள யாருக்கும் இது முடிகிற நடைதான்.

ஆனால் இந்த மலையின் சிரமம் ஏற்றத்தில் இல்லை. ஏறி முடித்ததும் வரும் பரந்த, மேடுபள்ளம் குறைந்த கருங்கல் பீடபூமியில்தான் இருக்கிறது. நடக்க எளிதான தரை அது. அதன் விளிம்புகள்தான் ஆபத்தானவை. வடக்கே கோரி அன் லோக்கன், கோரி அன் ஸ்னெக்டா என்ற இரண்டு குடைவுகளின் செங்குத்துப் பாறைகள். மேற்கே லாரிக் குரூ கணவாய்க்குச் சரியும் கற்சரிவு. கிழக்கே லோக் ஆன் ஏரியை நோக்கி விழும் வழுக்குப் பாறைகள். மூடுபனி இறங்கினால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்த நடைக்கான திட்டம், உச்சியை எப்படி அடைவது என்பதிலிருந்து அல்ல, பீடபூமியிலிருந்து எந்த வழியாக, எத்தனை மணிக்கு இறங்குவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்துத்தான்.

எந்த மாதம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. அதற்கு வெளியே இது வேறு மலை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியும், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் கிராம்பான் என்ற உலோக முட்களும் தேவை. அவற்றைப் பையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்து பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலத்தில் வட கேர்ன்கோர்ம் பகுதிக்குத் தனியாக அறிக்கை தருகிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் அந்த மாதங்களில் வழிகாட்டியோடு மட்டுமே போக வேண்டும்.

மே மாதமும் ஏமாற்றும். கார் நிறுத்தத்தில் வசந்தம் வந்திருக்கும். மேலே விளிம்புகளில் காற்று குவித்த பனி இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பாதை பனிக்கடியில் இருக்கும். ஜூனிலும் பாதி வழியில் வரும் லோக்கன் பூயி குளத்தை ஒட்டிய பள்ளங்களில் பனித்திட்டுகள் கிடப்பது வழக்கம். அவற்றுக்கு அடியில் ஓடை அரித்துக் குகை செய்திருக்கும். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பனிமேல் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள்.

ஜூன் கடைசியில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கிறது. டிசம்பர் நடுவில் பிற்பகல் 3.30 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். செப்டம்பர் கடைசியில் போகிறவர்கள் ஜூன் கணக்கை மனதில் வைத்துக் கிளம்பக் கூடாது. சூரியன் மாலை 7 மணிக்கு முன்பின்னாக மறையும்.

முந்தைய மாலை: வானிலை

ஊருக்கான வானிலை அறிக்கை இங்கே பயன்படாது. மலை வானிலைத் தகவல் சேவையின் கேர்ன்கோர்ம் பகுதி அறிக்கை, பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை அறிக்கை இரண்டையும் மாலையிலும் காலையிலும் பாருங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: உச்சிகளில் காற்றின் வேகம், மேகத்தின் அடிமட்டம், மழை வரும் நேரம், 900 மீட்டரில் வெப்பநிலை.

இவற்றில் காற்றுதான் முதன்மை. மழையைச் சட்டை தடுக்கும், காற்றை எதுவும் தடுக்காது. கேர்ன் கோர்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. கோடையில் அந்த அளவு வராது. ஆனாலும் மணிக்கு 25 மைல் வரைதான் வசதியாக நடக்கலாம். 35 மைலைத் தாண்டினால் பேச்சு கேட்காது, வரைபடத்தை விரிக்க முடியாது, நடை தடுமாறும். 40 மைலுக்கு மேல் வீச்சு வரும் என்று அறிக்கை சொன்னால் பீடபூமிக்குப் போகாதீர்கள். அன்றைக்கு அடிவாரத்திலுள்ள கிளென்மோரிலிருந்து ரைவோன் கணவாய் வழியாக லோக்கன் ஊயின் என்ற பச்சைக் குளம் வரை காட்டுக்குள் நடக்கலாம். அது இரண்டாந்தரமான நாள் அல்ல. பழைய கலடோனியப் பைன் மரங்களுக்கு நடுவே காற்றுப் படாமல் போகும் அழகான பாதை.

வெப்பநிலை 100 மீட்டருக்கு முக்கால் டிகிரி முதல் ஒரு டிகிரி வரை குறையும். ஏவிமோரில் 16 டிகிரி என்றால் உச்சியில் 6 அல்லது 7 இருக்கும். அதில் 30 மைல் காற்றைச் சேர்த்தால் உடம்புக்கு அது உறைநிலையை நெருங்கியதுபோல் இருக்கும். ஜூலையிலும் பனி தூவும் நாட்கள் உண்டு.

வரைபடமும் நேரக் கணக்கும்

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்57, 1:25,000 அளவுத் தாள் போதும். அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், சமஉயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று. போனில் அதே வரைபடத்தை முழுதாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே பல இடங்களில் சிக்னல் இல்லை. ஆனால் தாளும் காம்பஸும் கையில் இருக்கட்டும். ஈரமான தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது, குளிரில் 40 சதவீதம் காட்டும் பேட்டரி திடீரென அணைந்துபோவதும் உண்டு.

காம்பஸை போனோடு ஒரே பையில் வைக்காதீர்கள். போன் உறையின் காந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் ஊசியின் வடக்கும் தெற்கும் இடம் மாறிவிடக்கூடும். காரை விட்டு இறங்கியதும், தெரிந்த ஒரு திசையோடு ஒப்பிட்டு ஊசியைச் சரிபாருங்கள். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் இடையே இப்போது பிரிட்டனில் வித்தியாசம் மிகச் சிறியது. கையால் கோணம் பிடிக்கும்போது, அதாவது போகும் திசையைக் காம்பஸில் அளக்கும்போது, வரும் பிழையைவிட அது பெரிதில்லை.

நேரத்துக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. 17 கிலோமீட்டருக்கு 3 மணி 24 நிமிடம், 950 மீட்டருக்கு ஒரு மணி 35 நிமிடம், கூட்டினால் ஏறக்குறைய 5 மணி. இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சாப்பாடு, பாறாங்கற்கள், வரைபடம் பார்ப்பது, குழுவில் மெதுவானவர் எல்லாவற்றுக்கும் பாதியைச் சேர்த்து ஏழரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மாலை 3.30.

கிளம்பும் முன் ஒருவரிடம் நான்கு விவரங்களை எழுதிக் கொடுங்கள்: எந்த வழி, எத்தனை பேர், கார் எங்கே, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும்.

பையில் என்ன

பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உலராமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, மேலே ஃப்ளீஸ், அதன்மேல் தலைமூடியோடு நீர்புகா ஜாக்கெட், நீர்புகா பேண்ட். இவை தவிர நிற்கும்போது போட ஒரு தடித்த சட்டை. குல்லா ஒன்று, கையுறை இரண்டு ஜோடி. இரண்டாவது ஜோடியைச் சுமை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் ஜோடி நனைந்ததும் விரல் மரத்துப்போகும். பிறகு ஜிப் போட முடியாது, வரைபடம் மடிக்க முடியாது, உணவுப் பொட்டலத்தையும் பிரிக்க முடியாது. அந்தச் சின்னச் செயல்கள் நின்றுபோவதுதான் பல விபத்துகளின் தொடக்கம்.

கணுக்காலை மூடும், அடி கெட்டியான பூட்ஸ். ஹெட்லாம்ப், ஜூனிலும். விசில். முதலுதவிப் பொருள்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் உயிர்காப்புப் பை, மூன்று நான்கு பேர் என்றால் எல்லோரும் உள்ளே உட்காரும் குழுக்கூடாரத் துணி ஒன்று. இந்தத் துணி அரைக்கிலோ அளவுதான். காற்றில் அதற்குள் புகுந்து பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டாலே ஆளே மாறிவிடுவார்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர். உணவை ஒரே மதியச் சாப்பாடாக வைக்காமல், நடந்துகொண்டே கடிக்கக்கூடியதாகப் பிரித்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடுங்கள். இறங்கும்வரை தொடாத ஒரு பங்கு தனியே இருக்கட்டும்.

முதல் பகுதி: கார் நிறுத்தத்திலிருந்து லோக்கன் பூயி வரை

கார் நிறுத்தத்திலிருந்து தென்மேற்காகப் போகும் நல்ல கற்பாதையைப் பிடியுங்கள். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் பாதை பிரியும். இடப்பக்கம் கோரி அன் ஸ்னெக்டாவின் அடிவயிற்றுக்குள் போகிறது. நமக்கு வலப்பக்கம். ஓடையைக் கற்கள்மேல் கடக்க வேண்டும். பெருமழைக்குப் பின் இந்தக் கற்கள் தண்ணீருக்குள் போயிருந்தால் அதை அன்றைய நாள் தந்த முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பாதை கோரி அன் லோக்கனுக்கு மேற்கே உள்ள அகன்ற முதுகின்மேல் ஏறுகிறது. செங்குத்து இல்லை, நீளம்தான். 1000 மீட்டரைத் தாண்டியதும் புதர்ச்செடி மறைந்து சரளையும் பாசியும் தொடங்கும். இங்கே நின்று முன்கூட்டியே காற்றுச்சட்டையைப் போடுங்கள், மேலே போய்க் காற்றில் போடுவது இரட்டை வேலை. வலப்பக்கம் லாரிக் குரூ பள்ளமும் அதற்கு எதிரே பிரெய்ரியாக் மலையும் திறக்கும். அந்தக் காட்சி இந்த நடையின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று.

பாதை கேர்ன் லோக்கன் மலையின் மேற்குச் சரிவை ஒட்டித் தெற்கே போய் லோக்கன் பூயியை அடைகிறது. 1100 மீட்டருக்கு மேல் கிடக்கும் சிறு குளம், கார் நிறுத்தத்திலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

பாதையை விட்டு விலகாதீர்கள். இங்கே வளரும் பாசியும் சிறு பூச்செடிகளும் ஒரு மிதியில் பெயர்ந்தால் திரும்ப வேர்பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். டாட்டரெல், டார்மிகன் பறவைகள் சரளையிலேயே முட்டையிடுகின்றன. நாய் இருந்தால் ஏப்ரல் முதல் ஜூலை வரை கயிற்றில் வையுங்கள். எதிர்ப்படும் ரெயின்டீர்கள் 1952-இல் இங்கே கொண்டுவரப்பட்ட மந்தையின் வழிவந்தவை. அவற்றுக்குத் தீனி கொடுக்காதீர்கள்.

லோக்கன் பூயியில் எடுக்க வேண்டிய முடிவு

இந்த வழிகாட்டியின் மிக முக்கியமான இடம் இது. குளக்கரையில் நின்று மூன்று கேள்விகள்: மணி 11.30-க்குள் இருக்கிறதா? குறைந்தது 500 மீட்டர் தூரம் தெரிகிறதா? குழுவில் எல்லோரும் சூடாக, பேசிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்களா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் வந்த வழியே திரும்புங்கள். அந்த மேற்குப் பாதைதான் பீடபூமியிலிருந்து இறங்க நம்பகமான வழி. அதில் செங்குத்து விளிம்பு எதையும் நெருங்க வேண்டியதில்லை.

இங்கே கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1971 நவம்பரில் இந்தக் குளத்தை ஒட்டிய பகுதியில் பனிப்புயலில் சிக்கிய மாணவர் குழுவில் ஐந்து பிள்ளைகளும் உடன் சென்ற இளம் தலைவர் ஒருவரும் இறந்தார்கள். அவர்கள் தேடிச் சென்றது பீடபூமியில் அப்போது இருந்த கரன் என்ற சிறு தங்குகுடிலை. குடில் இருக்கிறது என்ற நம்பிக்கையே ஆட்களைப் புயலுக்குள் மேலும் இழுக்கிறது என்று வாதிடப்பட்டு, பின்னர் அது அகற்றப்பட்டது. இப்போது லோக்கன் பூயிக்கும் உச்சிக்கும் நடுவே எந்தக் கூரையும் இல்லை. உங்கள் பையில் இருப்பதுதான் உங்கள் கூரை.

உச்சிக்கும் திரும்பவும்

குளத்திலிருந்து தெற்கே இரண்டு கிலோமீட்டருக்கு மேல், 190 மீட்டர் ஏற்றம், முக்கால் முதல் ஒரு மணி நேரம். பாதை பாறாங்கற்களுக்குள் நுழைந்ததும் தெளிவிழக்கும். வழிநெடுகக் கற்குவியல்கள் இருக்கின்றன. அவற்றை நம்பி மட்டும் நடக்காதீர்கள், யார் எதற்காக அடுக்கினார்கள் என்பது கல்லில் எழுதியிருக்காது. உச்சியில் நில அளவைத் தூணும், சுற்றியுள்ள மலைகளின் பெயர் காட்டும் திசைப் பலகையும் உள்ளன. பலகையை 1925-இல் கேர்ன்கோர்ம் கிளப் நிறுவியது.

மதியம் 1 மணி ஆகியும் உச்சி வரவில்லை என்றால் நிற்கும் இடத்திலிருந்தே திரும்புங்கள். உச்சியிலிருந்து கிளம்பும்போது, வானம் தெளிவாக இருந்தாலும், காம்பஸில் லோக்கன் பூயிக்குக் கோணம் பிடித்த பிறகே நகருங்கள். திசை ஏறக்குறைய வடக்கு. உச்சியில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், சாப்பிட்டு எழுந்தவர்கள் தவறான பக்கம் இறங்கத் தொடங்குவது நடக்கிறது. கிழக்கே சாய்ந்தால் ஓடைகள் உங்களை லோக் ஆன் பள்ளத்தின் பாறைகளுக்குக் கொண்டுபோய் விடும். ஓடையைப் பின்தொடர்ந்தால் ஊர் வரும் என்ற பழைய எண்ணம் இந்த மலையில் உயிருக்கு ஆபத்து.

மூடுபனியில் நடக்கும் முறை

மூடுபனி இறங்குவதைக் கண்டதும், இடம் நிச்சயமாகத் தெரிந்திருக்கும்போதே நின்று வரைபடத்தில் புள்ளியைக் குறியுங்கள். தொலைந்த பிறகு குறிக்க முடியாது. அடுத்த இலக்கை 500 மீட்டருக்குள் வையுங்கள். கோணம் பிடித்து, அந்தக் கோட்டில் தெரியும் ஒரு கல்லைப் பார்த்து அதுவரை நடந்து, மறுபடி அடுத்த கல். காம்பஸையே பார்த்துக்கொண்டு நடந்தால் காற்று உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போவது தெரியாது.

தூரத்தை அடியால் அளக்கலாம். இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணினால் சமதரையில் 100 மீட்டருக்குப் பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 70 வரும். பாறாங்கற்களில் 80-ஐத் தாண்டும். உங்கள் எண்ணை வரும் வழியிலேயே நல்ல வெளிச்சத்தில் கண்டுபிடித்து வையுங்கள். கூடவே கடிகாரத்தையும் பாருங்கள்: மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் ஒன்றரை நிமிடம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நின்று யோசியுங்கள்.

கேர்ன் லோக்கன் வழி இறக்கம்

லோக்கன் பூயிக்குத் திரும்பியதும் வானம் தெளிவாக இருந்தால் மட்டும் இந்தச் சுற்று. வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டர், சுமார் 90 மீட்டர் மெதுவான ஏற்றம், கேர்ன் லோக்கன் 1215 மீட்டர். தெற்கிலிருந்து ஏறுபவருக்கு அது சாதுவான மேடுபோலத் தெரியும். மறுபக்கம் உச்சியிலிருந்தே பாறை செங்குத்தாக விழுகிறது. ஏற்றம் நின்ற இடத்தில் நீங்களும் நிற்க வேண்டும். பனி மிச்சம் இருந்தால் விளிம்பிலிருந்து மிகவும் தள்ளியே நில்லுங்கள், ஏனெனில் நீட்டிக்கொண்டிருக்கும் பனி உடையும்போது முனையில் மட்டும் உடையாது, நன்கு உள்ளே தள்ளிப் பிளக்கும்.

இனி கிழக்கே, பாறை விளிம்பு எப்போதும் இடப்பக்கம். இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று ஆட்களைச் சிக்கவைக்கிறது. ஃபியக்கல் என்ற பெயரில் இரண்டு முதுகுகள் உள்ளன. கேர்ன் லோக்கனை ஒட்டி வடக்கே இறங்கும் ஃபியக்கல் கோரி அன் ஸ்னெக்டா கை ஊன்றித் தொற்ற வேண்டிய பாறை, நடப்பவருக்கு அல்ல. அதைத் தாண்டி, அடுத்த தாழ்வில் இடப்பக்கம் இறங்கும் கோட் டிராக் என்ற குறுக்குவழியையும் விட்டுவிடுங்கள். உருளும் கல்லும் சரளையும் நிறைந்த செங்குத்து அது, களைத்த காலுக்கு ஏற்றதில்லை.

ஸ்டோப் கோரி அன் ஸ்னெக்டா 1176 மீட்டர். அதன்மேல் ஏறி இறங்கி 1141 மீட்டர் புள்ளியில் உள்ள பெரிய கற்குவியலுக்கு வாருங்கள். அங்கிருந்து வடமேற்காக இறங்கும் ஃபியக்கல் அ கோரி காஷ்தான் நமது வழி. மேலே கற்கள், கீழே தெளிவான பாதை, ஒரு மணி நேரத்தில் பனிச்சறுக்குத் தளத்தின் தடம் வழியாகக் கார் நிறுத்தம். நேரமும் காலும் மிச்சம் இருந்தால் 1141-இலிருந்து 1245 மீட்டர் கேர்ன் கோர்ம் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கட்டிய பாதையில் டார்மிகன் கட்டடம் வழியாக இறங்கலாம்.

ஒருவருக்கு முடியாமல் போனால்

குளிர் தாக்கியவர் முதலில் நடுங்குவார், பிறகு தடுமாறுவார், பேச்சு குழறும், எரிச்சல் வரும். நடுங்கும் கட்டத்திலேயே நிறுத்துங்கள். குழுத்துணிக்குள் கொண்டுபோய், கீழே பையைப் போட்டு உட்காரவைத்து, ஈரத்துக்கு மேல் உலர்ந்த உடை, இனிப்பு. கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள். சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறுதல் அல்ல, நிலைமை மோசமாகிறது. அவரைப் படுக்கவைத்து, அசைக்காமல் உதவி கேளுங்கள்.

பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்பு என்று கேளுங்கள். நிற்கும் இடத்தின் வரைபடக் குறியீட்டெண், காயம், ஆட்கள் எண்ணிக்கை, காற்று, பார்வைத் தூரம் சொல்லுங்கள். குறுஞ்செய்தியாலும் 999-ஐ அழைக்கலாம். ஆனால் 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை முன்பே அந்த எண்ணுக்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும், அதை இன்றே செய்யுங்கள். விசில் அல்லது விளக்கு என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. பதில் சைகையாக மூன்று வரும். வந்த பிறகும் நிறுத்தாதீர்கள், ஓசை வரும் திசையை வைத்துத்தான் தேடுவார்கள். மீட்புக்குழுவினர் ஊதியம் வாங்காத தொண்டர்கள், கட்டணமும் கேட்பதில்லை. அதனால் தயங்கித் தாமதிக்க வேண்டாம்.

காருக்கு வந்ததும்

செய்தி சொல்ல வேண்டியவருக்கு முதலில் செய்தி. இதை மறந்துவிட்டுச் சாப்பிடப் போனால், உங்களைத் தேடி ஒரு குழு மேலே ஏறத் தொடங்கிவிடும். பிறகு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பகுதிகளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ச்சரிவுப் புதர்களிலிருந்துதான் அவை ஏறும். இருந்தால் நுண்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேரே இழுத்தெடுங்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, அது லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் உண்ணி கடித்த தேதியையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.